இரண்டாம் சரணத்து விம்மல்

அறுபது வருடங்களுக்கு முன் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் ஒருவர் பாடிப் புகழ்பெற்ற 'சோல்' என்னும் உருக்கமான இசைவகைப் பாடல் அது. பின்னால் அதைப் பாடிய நால்வரின் குரல்களை வானொலி நிலையத்தில் அடுத்தடுத்துப் போட்டார்கள். கடைசிக் குரல் எட்வினுடையது. இரண்டாம் சரணத்தில் அது உடைந்து, மூச்சு உள்ளே இழுபட்டு, விம்மலாக நின்றது.

"மத்த மூணும் பாட்டு. இதுதான் துக்கம்," என்றார் அறிவிப்பாளர். "இந்த விம்மலை எங்க சார் பிடிச்சீங்க?"

"தானா வந்துச்சு," என்றான் எட்வின். ஒலிபரப்பு அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்க்க அவனுக்குத் துணிவில்லை. அப்பாவின் சவப்பெட்டியை மூடியபோது அம்மா அழுததை மனதில் வாங்கிவைத்து, மூன்று வாரம் கதவைச் சாத்திக்கொண்டு பழகியது அது.

அம்மாவோடு ஆட்டோவில் திரும்பினான். சிக்னலில் வண்டி நின்றதும், "அது நான் அழுததுதானே?" என்றாள்.

அவன் தலை குனிந்தான். "மன்னிச்சிரும்மா."

"நல்லாத்தான்டா பாடியிருக்க." அவள் வெளியே பார்த்தபடி சொன்னாள். "அன்னிக்கு என் தோளைப் பிடிச்சுக்கிட்டு கன்னத்தோட கன்னமா நின்னியே. நீயும் அழுதுக்கிட்டு இருக்கன்னு நெனச்சேன்."