கியரில் இருந்ததா?

“மூடியைக் கழட்டியாச்சு. கிட்ட வந்து நீங்களே பாருங்க. அப்புறம் நான் ஏதோ கதை விட்டேன்னு சொல்லக் கூடாது” என்றார் மெக்கானிக்.

கியர் பற்களைச் சரிசெய்வதில் கெட்டிக்காரர் என்பதால் அவருக்குப் பல்லு டாக்டர் என்று பெயர். வாயும் கொஞ்சம் நீளம். ஆனால் இன்றைக்கு அவருக்குச் சிரித்துப் பேச மனம் வரவில்லை. மேஜை மேலிருந்த கியர் பாக்ஸ், அறுபது வருஷப் பழைய கார் ஒன்றினுடையது. மூன்று வருஷத்துக்கு முன் அந்தக் கார் வீட்டு வாசல் சரிவில் தானாக உருண்டு, கீழே விளையாடிக்கொண்டிருந்த ஐந்து வயதுக் குழந்தையைக் கொன்றுவிட்டது. எதிரே நிற்பவன் அந்தக் குழந்தையின் அப்பா. அம்மா வெளியே டாக்ஸிக்குள் உட்கார்ந்திருந்தாள்.

“அதுல ஹேண்ட் பிரேக் எப்பவுமே சரியாப் பிடிக்காது. கியர்ல போட்டுத்தான் நிறுத்துவோம்” என்றான் அவன். “அன்னிக்குக் கியர் தானா நழுவிச்சா, இல்ல போடாமலே விட்டதா? அது தெரியாம என் பொண்டாட்டிக்குத் தூக்கமே இல்லண்ணே.”

“வண்டி உருண்டு போய்ச் சுவத்துல மோதினப்பவே, கியர் லீவர்லேர்ந்து வர்ற வெளிக் கம்பி முறிஞ்சிருக்கு. அதுக்கப்புறம் யாரும் கியரை மாத்தியிருக்க முடியாது. அன்னிக்கு இருந்தது இருந்தபடியே உள்ள இருக்கு.” டாக்டர் டார்ச் அடித்து விரலால் காட்டினார். “இந்தத் தண்டுல கவட்டை மாதிரி ரெண்டு கவை இருக்கு பாருங்க. இதுதான் பல்சக்கரத்தைத் தள்ளிக் கொண்டுபோய்க் கோர்க்கும். ரெண்டுமே நடுவுல நிக்குது. நியூட்ரல்.”

அவன் இன்னும் குனிந்து உள்ளே பார்த்தான். “நழுவி வந்து நின்னிருக்கலாம் இல்லையா?”

“அதைச் சொல்றது இதுதான்.” ஒரு குட்டி இரும்புக் குண்டையும் ஸ்பிரிங்கையும் எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். “தண்டுல ஒரு பள்ளம் இருக்கு. குண்டு அதுல உக்காந்துக்கும், ஸ்பிரிங் அதை அமுக்கிப் பிடிக்கும். ஸ்பிரிங் துவண்டாலோ, பள்ளம் தேஞ்சாலோ, பல்லு மழுங்கினாலோ கியர் தானா நழுவும். பழைய வண்டின்னாலும் இங்க எல்லாமே புதுசு மாதிரி இருக்கு. இது நழுவுற கியர் இல்ல தம்பி. போடாம விட்டது.”

அவன் அந்த ஸ்பிரிங்கைத் திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்த்தான். ஒரு தடவையாவது அது துவண்டுவிடாதா என்ற நப்பாசை. பார்க்கவே பாவமாக இருந்தது.

“அண்ணே, அவகிட்ட நழுவிடுச்சுன்னு சொல்லிடுங்க. ஸ்பிரிங் உடைஞ்சு கிடந்துச்சுன்னு சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டா. உங்க வாயால கேக்கத்தான் வந்திருக்கா.”

டாக்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “புள்ளையப் பறிகொடுத்தவகிட்டப் பொய் சொல்லச் சொல்றீங்களா?”

“இந்த ஒண்ணு மட்டும்ண்ணே.”

“எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு. வண்டிய நிறுத்தினது நான்தான்னு போலீஸ்ல நீங்களே எழுதிக் கொடுத்ததா ஊரே பேசிச்சு. தப்பை ஒத்துக்கிட்ட மனுஷனாச்சேன்னு உங்க மேல ஒரு மரியாதை வெச்சிருந்தேன். இப்போ பழியை ஒரு ஸ்பிரிங் தலையில கட்டிட்டுத் தப்பிக்கப் பாக்கறீங்களே, வெக்கமா இல்ல?”

அவன் கண்கள் நிறைந்துவிட்டன.

டாக்டர் கையைத் துடைத்த துணியை வீசிவிட்டு விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தார். அவரைப் பார்த்ததும் டாக்ஸியின் கதவு திறந்தது. எலும்பும் தோலுமாக இருந்தாள் அவள். இறங்கி, கதவைப் பிடித்தபடியே அவர் முகத்தைப் பார்த்து நின்றாள்.

அதற்குள் அவன் பின்னாலேயே ஓடிவந்து டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“நான் நிறுத்தினேன்னு எழுதிக் கொடுத்ததே பொய்தாண்ணே” என்றான், அவளுக்குக் கேட்காத குரலில். “அன்னிக்கு வண்டிய ஓட்டிட்டு வந்து நிறுத்தினது அவ.”