ஓடாத இஞ்சின்

புது இஞ்சினை வள்ளத்துக்குள் இறக்கிப் பொருத்தியாகிவிட்டது. பழையது கரையில் இரண்டு கட்டைகளின் மேல் கிடந்தது. அதை இரும்பு விலைக்கே தூக்கிப்போகச் சொன்னார் தஸ்நேவிஸ். வாங்க வந்தவன் கேட்கவில்லை.

"ஒரு சுத்து சுத்திப் பாத்துருவோம் அண்ணாச்சி."

"அது செத்த இஞ்சின்யா. ஊருக்கே தெரியும்."

ஊருக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொன்னதுதான். போன ஐப்பசியில் கஸ்பாரின் வள்ளம் கவிழ்ந்து, அவன் பலகையைப் பிடித்துக்கொண்டு மிதக்கிறான் என்று சேதி வந்தபோது கரையில் நின்றது இவர் வள்ளம் மட்டும்தான். அலையைப் பார்த்தார். ஹேண்டிலைச் சுற்றினார். வேகம் ஏறியதும் லிவரை விட்டால்தான் இஞ்சின் பிடிக்கும்; அதை மட்டும் விடாமல் அழுத்திப் பிடித்திருந்தார். "புடிக்க மாட்டேங்கு" என்றார். கஸ்பார் கரை திரும்பவில்லை. அன்றிலிருந்து தஸ்நேவிஸின் வள்ளமும் கடலில் இறங்கவில்லை. சொன்ன சொல்லுக்காகவே புது இஞ்சின் வாங்கினார்.

வாங்க வந்தவன் ஹேண்டிலைச் சுற்றி லிவரை விட்டான். முதல் சுற்றிலேயே இஞ்சின் பிடித்துக்கொண்டது. வலை பின்னிக்கொண்டிருந்தவர்களெல்லாம் தலை நிமிர்ந்தார்கள்.

"சூடேறிரும், யாராவது தண்ணி ஊத்துங்க!" என்று அவன் கத்தினான்.

கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த சலேத்து குடத்தோடு வந்தாள். கஸ்பாரின் மனைவி. இஞ்சினைக் குளிர்விக்கும் குழாயின் வாயில் நிதானமாகத் தண்ணீர் ஊற்றினாள்.

குடம் காலியானதும் அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்லாத்தான ஓடுது, அண்ணே. இன்னொரு குடம் கொண்டாரவா?"