கழுத்தில் துண்டு கூடாது

“உள்ள காலர் இருக்காம்மா?”

பாக்கியசீலன் சார் இப்படிக் கேட்டதும் ஸமீஹா திகைத்துப் போனாள். தலைத்துணி அவள் கழுத்தைச் சுற்றித் தோள்வரை இறங்கியிருந்தது. அதற்குள்ளே காலர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் யாருக்கு என்ன?

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை.

“இல்ல சார்.”

“அப்ப ஆட முடியாது.”

கங்கைகொண்டான் பக்கம் செம்மண்ணுக்கு நடுவே புல் வளர்த்து உண்டாக்கிய கால்ஃப் மைதானம் அது. பாக்கியசீலன் அதன் செயலாளர். பாளையங்கோட்டையில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, விறைப்பாக நிற்கும் காலர், அதைவிட விறைப்பான மனிதர்.

ஜீன்ஸ் கூடாது, வேட்டி கூடாது, காலர் இல்லாமல் வரவே கூடாது என்று வாசலில் பெரிய பலகை வைத்திருந்தார். கடைசி வரி சிவப்பில் இருக்கும்: ‘கழுத்தில் துண்டு கூடாது.’ உலகத்தில் வேறெந்த கால்ஃப் மைதானத்திலும் அப்படியொரு விதி இருக்காது. அது தளவாய் அண்ணாச்சிக்காகவே எழுதியது.

அரிசி மில் வைத்திருக்கும் அண்ணாச்சிக்குத் துண்டு இல்லாவிட்டால் கழுத்தே இல்லாத மாதிரி. அன்று காலையிலும் வாசலில் பிடிபட்டு, துண்டைக் காரில் போட்டுவிட்டு வந்திருந்தார். அந்தக் கடுப்பு இன்னும் ஆறவில்லை.

“ஏன்வே, வெளிய தெரியாத காலருக்கா இந்தப் பாடு? பிள்ளைய விடும்” என்றார்.

“விதின்னா விதிதான் அண்ணாச்சி.”

அன்று நடப்பது மாநில அணிக்கான தேர்வு. ஸமீஹாவுக்கு அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். இந்த ஒரு நாளுக்காகவே மேலப்பாளையத்திலிருந்து வந்து வந்து பழகியவள்.

“பழைய சட்டைல காலர் இருந்துச்சி சார். அதுக்கு மேல தலைத்துணி நிக்காம வழுக்கிக்கிட்டே இருக்கும். அதான் உம்மா புதுசு தைக்கும்போது வைக்கல.”

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. போட்டிக்கென்று ஆசையாகத் தைத்த வெள்ளை உடை.

அவள் வாப்பா அசன் மைதீன் முன்னால் வந்தார். ஜவுளிக்கடைக்காரர். ஊருக்கெல்லாம் துணி கொடுப்பவர், மகளின் சட்டைக்காகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“வீட்டுக்குப் போயி பழசை எடுத்துட்டு வந்திரட்டுமா சார்?”

“அதுக்குள்ள இவ பேரக் கூப்ட்டுருவாவ. மெட்ராஸ்ல இருந்து வந்த மேடம் பொம்பளப் பிள்ளைகள உள்ள கூட்டிட்டுப் போயி உடுப்ப ஒவ்வொண்ணா பாக்காவ. காலர் இல்லன்னா பேர அடிச்சிருவாவ.”

“நீங்க ஒரு வார்த்தை சொன்னா...”

“நான் சொல்ல மாட்டேன்.”

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அவரோ ஸமீஹாவிடம் திரும்பி, “நீ அங்கன பெண்கள் அறைல போயி உக்காரு. என் வீட்டுக்காரி சாலோமி இருக்கா. கண்ணத் தொடச்சிக்கோ” என்று அதட்டிவிட்டு, தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

“பாத்தீரா பாய்?” தளவாய் அண்ணாச்சி பொருமினார். “காலர் எல்லாம் சாக்கு. பிள்ள தலையில துணி போட்டிருக்கது இவருக்குப் பிடிக்கல. அம்புட்டுத்தான்.”

“அப்பிடிச் சொல்லாதீய அண்ணாச்சி” என்றார் அசன் மைதீன். ஆனால் அவர் மனசுக்கும் அப்படித்தான் பட்டது. கசந்துபோய் நின்றார்.

அரை மணி நேரம் கழித்து ஒலிபெருக்கியில் ஸமீஹாவின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

பெண்கள் அறைக் கதவு திறந்தது. மட்டையோடு ஸமீஹா வந்தாள். பின்னாலேயே மெட்ராஸ் மேடம்.

“உடை எல்லாம் சரியா இருக்கு. போய் ஆடும்மா.”

அசன் மைதீனுக்கு ஒன்றும் புரியவில்லை. மகள் ஓடிவந்து தலைத்துணியின் ஓரத்தைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினாள். வெள்ளைக் காலர்!

“சாலோமி டீச்சர் தச்சு வச்சாவ வாப்பா. தலைத்துணி வழுக்காம ஊக்கும் குத்தி விட்டாவ. காலர்தான் ரொம்ப விறைப்பா இருக்கு, கழுத்த அறுக்குது!”

சிரித்துக்கொண்டே ஓடினாள். முதல் அடியிலேயே பந்து பனைமரங்களுக்கு மேலே ஏறிப் போய், புல்லின் நட்டநடுவே விழுந்தது. அசன் மைதீன் தன்னை மறந்து கைதட்டினார்.

அவருக்குப் பின்னால் அவரைவிடப் பலமாக ஒருவர் தட்டிக்கொண்டிருந்தார். பாக்கியசீலன். கழுத்தைச் சுற்றித் துண்டு!

தளவாய் அண்ணாச்சி விடுவாரா?

“ஏன்வே! விதியெல்லாம் எங்களுக்கு மட்டுந்தானா? பலகைல எழுதிப் போட்டுட்டு நீரே துண்டு சுத்திக்கிட்டு நிக்கீரு!”

“இல்ல அண்ணாச்சி, வெயிலு...”

“எனக்கு மட்டும் மழையா பெய்யுது?”

சொன்ன வேகத்தில் துண்டைப் பிடித்து உருவிவிட்டார். பாக்கியசீலன் பதறிப்போய் இரண்டு கையாலும் கழுத்தைப் பொத்தினார்.

பொத்தியும் மறையவில்லை. கஞ்சி போட்ட அந்த வெள்ளைச் சட்டையில், காலர் இருந்த இடத்தில் பிரித்த நூல்கள்தான் தொங்கிக்கொண்டிருந்தன.

அசன் மைதீன் அந்த நூல்களையே பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

அப்போது மெட்ராஸ் மேடம் அவர்களைப் பார்த்து நடந்து வருவது தெரிந்தது. அண்ணாச்சி அவசரமாகத் துண்டை உதறி, தன் கையாலேயே பாக்கியசீலனின் கழுத்தைச் சுற்றி இறுக்கிப் போட்டுவிட்டார்.

“அந்த அம்மா வாராவ. துண்டு பத்திரம்வே!”