மூன்று நாள் மௌனம்

கடலடிப் பாறையில் வாழ்ந்த கத்தாழை மீன் பெரிய வாயாடி. அது கொர் கொர்ரென்று குரல் கொடுத்தால்தான் அங்கே பொழுது விடியும். ஒருநாள் மேலே ஓர் ஆராய்ச்சிக் கப்பல் வந்து நின்று, கயிற்றில் ஒலிவாங்கியை இறக்கியது.

"பயப்படாதீங்க," என்றது ஒலிவாங்கி. "இங்கே யார் யார் இருக்கீங்கன்னு உங்க சத்தத்தை வெச்சுத்தான் மேலே உள்ளவங்க தெரிஞ்சுக்குவாங்க. மூணு நாள் இருப்பேன். வழக்கம்போலப் பேசிக்கிட்டிருங்க."

கத்தாழை நம்பவில்லை. "இடம் தெரிஞ்சா வலையோட வருவாங்க. யாரும் மூச்சு விடக் கூடாது," என்று எல்லாரிடமும் சொல்லிவைத்தது.

பக்கத்துப் பொந்தில் மனைவியோடு குடியிருந்த இறால் மட்டும், "அண்ணே, நம்ம நல்லதுக்குத்தான் கேக்குதோ என்னவோ," என்றது.

"உனக்கு என்னடா தெரியும்?" என்று கத்தாழை அதட்டியதும் அதுவும் அடங்கிவிட்டது.

மூன்றாம் நாள் மேலே போகும்போது ஒலிவாங்கி, "ஒரு சத்தமும் கிடைக்கலை. காலி இடம்னுதான் எழுதுவாங்க," என்று வருத்தத்தோடு சொன்னது. வந்த ஆபத்தைத் துரத்திவிட்டதாகக் கத்தாழை பெருமைப்பட்டுக்கொண்டது.

அடுத்த மாதம், துறைமுகத்தை ஆழப்படுத்தத் தோண்டிய சேற்றையெல்லாம் படகுகள் அந்தக் காலி இடத்தில் கொண்டுவந்து கொட்டின. பாறை மூடிப்போனது. வேகமாக நீந்தியவர்கள் தப்பினார்கள். இறாலின் மனைவி பொந்தைவிட்டு வெளியே வரவில்லை.

கலங்கிய தண்ணீரில் இறாலைத் தேடிக் கண்டுபிடித்த கத்தாழை, "நான் அன்னைக்கு..." என்று தொடங்கியது.

"இப்ப எதுக்கு அண்ணே அது?" என்றது இறால். "வேற பாறை தேடணும். எந்தப் பக்கம் போகலாம், சொல்லுங்க."

கத்தாழை விலகி வழிவிட்டது. பிறகு, "நீ முன்னால போ. நான் பின்னால வர்றேன்," என்றது.