முதல் வரி

"நிக்காதேய்யா! நின்னா அவன் பேரு ஏறிடும்!"

தொன்கா பாறையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பின்னால் அவள் புருஷன் வெல்கோ, உட்கார்ந்தபடியே சறுக்கி வந்தான். ரோதோப்பி மலையில் ஆடுகூட யோசித்து இறங்கும் பள்ளத்தாக்கு அது. அடியில் ஆறு காது அடைக்க இரைந்தது.

விஷயம் ஒரு டப்பாதான்; தேடிப் பிடிக்கிற விளையாட்டு. யாரோ அங்கே ஒளித்துவைத்துவிட்டு, இருக்கும் இடத்தின் குறியை விடியற்காலையில் எல்லாருக்கும் போனில் போட்டிருந்தார்கள். கண்டுபிடிப்பவர் உள்ளே இருக்கும் சீட்டில் பெயர் எழுதலாம். தங்கமா, வெள்ளியா? ஒன்றும் கிடையாது. ஆனாலும் முதல் வரிக்குத்தான் மவுசு. ஏழு வருஷமாய் எந்த டப்பாவைத் திறந்தாலும் முதல் வரியில் 'காக்கா' என்றிருக்கும். விளையாட்டுக்கு வைத்துக்கொண்ட பெயர்; ஆளைத் தொன்கா பார்த்ததே இல்லை. அவள் பெயர் 'நத்தை'. எப்போதும் இரண்டாவது.

"நத்தைன்னு பேரு வெச்சுக்கிட்டா எப்படிடி முந்துவே?"

"வாயை மூடிக்கிட்டு இறங்கு."

"மேலே ஒரு ஜீப் நின்னுதே, பாத்தியா? அவனோடதுதான். ஜோலி முடிஞ்சுது. வா, வீட்டுக்குப் போவோம், பசிக்குது."

தொன்கா சட்டென்று நின்றாள். கண் மின்னியது.

"யோவ், இருக்கிறது ஒத்தை வழி. எடுத்துட்டுத் திரும்பியிருந்தா நமக்கு எதிர்ல வந்திருக்கணும்ல? வரலையே! இடம் தெரியாம எங்கேயோ சுத்துறான்!"

"அவனா? எனக்கு நம்பிக்கை இல்லை."

"உனக்கு என்னைக்கு இருந்துச்சு?"

கடைசிச் சரிவை ஓடியே கடந்தாள். ஆற்றோரம் ஒரு கல்லடுக்கு. மேல் கல்லைப் புரட்டினாள். டப்பா! மூடியைத் திருகிச் சீட்டைப் பிரித்தாள்.

முதல் வரி காலி.

"வெல்கோ! காலிய்யா! காலி!"

"ஒழிஞ்சான் காக்கா!" என்று வெல்கோவும் தன்னை மறந்து குதித்தான். "எழுதுடி! பெருசா எழுது!"

பேனாவை வைக்கப் போனவளின் கண் அடுத்த வரிக்கு இறங்கியது. கோணல்மாணலாய் எழுதியிருந்தது:

"முதல் வரி உனக்குத்தான், நத்தை. இன்னைக்கு இங்கே வர்ற ஒரே ஆள் நீதான்னு தெரியும். இங்கே போன் எடுக்கலை. கத்திப் பாத்துட்டேன், ஆத்துச் சத்தத்துல யாருக்கும் கேக்கலை. இதை வெச்சுட்டுப் பத்தடி தள்ளிக் குகைக்குள்ளே தவழ்ந்து போய்க் கிடக்கப்போறேன், கால் ஒடிஞ்சுபோச்சு. எழுதி முடிச்சதும் வந்து தூக்கு. காக்கா."