அரக்குப் புகை

பாம்பனிலிருந்து முதல் ரயிலைப் பிடித்து ராமநாதபுரம் வந்து இறங்கினான் சிலுவைமுத்து. மடியில் ஒரு துணிமுடிச்சு. அதற்குள் நீலக் கண்ணாடி வில்லைகள்.

அரிசி ஆலைக்காரர் மனைவி நாகலெட்சுமி கதவைத் திறந்தாள்.

"என்னப்பா, நேத்துத்தானே பெட்டியக் குடுத்துட்டுப் போன?"

"அரக்கு சரியாப் பிடிக்கலையோன்னு சந்தேகம் தாயி. வில்லை உதிர்ந்தா எம்பேரு கெட்டுப்போகும். காசு வேணாம், இங்கன உக்காந்தே பாத்துத் தாரேன்."

அவள் நகைப்பெட்டியை எடுத்து வந்தாள். பாட்டன் காலத்துத் தேக்கு. மூடி முழுக்க, நகக் கனத்தில் அறுத்த நீலக்கல் வில்லைகள். பின்னாலேயே பக்கத்து வீட்டு ராமலெட்சுமியும் வந்தாள்.

"பூராவும் அசல் கல்லு. கொழும்புச் சரக்கு" என்றாள் நாகலெட்சுமி.

"அதான பாத்தேன்!" ராமலெட்சுமி பெருமூச்சு விட்டாள்.

சிலுவைமுத்து பெட்டியைச் சட்டென்று வாங்கிக்கொண்டான். கொல்லையில் கரியடுப்பை மூட்டினான். இரண்டு பெண்களும் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

"அரக்குப் புகை கண்ணுக்கு ஆகாது தாயி. அப்புறம் ஊசியில நூல் கோக்க ஏலாது."

இருவரும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்களே தவிர, எழுந்திருக்கவில்லை. ராமலெட்சுமி ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்த்தாள். அவன் ஊதி ஊதிப் புகையைக் கிளப்பினான். இருமிக்கொண்டே இருவரும் உள்ளே ஓடினார்கள்.

அதற்குப் பிறகு அவன் கை நிற்கவில்லை. சூடு காட்டி நெம்ப நெம்ப, கல் வில்லைகள் முடிச்சுக்குள் போயின. அந்த இடங்களில் கண்ணாடி ஏறி உட்கார்ந்தது.

நாகலெட்சுமி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவன் முடிச்சை மடிக்குள் ஆழமாகச் செருகிக்கொண்டான்.

"நேத்தைக்கு இன்னைக்கு நல்லாவே மின்னுதுப்பா!"

திரும்புகிற ரயிலில் ஒரு போலீஸ் ஏட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். சிலுவைமுத்து மடியை இறுக்கிக்கொண்டு மனசுக்குள் அந்தோணியாரை வேண்டிக்கொண்டான். மண்டபம் தாண்டியதும் கடல்காற்றுக்கு ஏட்டு தூங்கிப்போனார்.

வீட்டில் மனைவி செபஸ்தியம்மாள் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினாள்.

"எல்லாம் வந்துருச்சா?"

"ஒண்ணு கொறையல."

"அந்தம்மா கண்டுபிடிக்கலையே?"

"சந்தோசமா அனுப்பி வச்சாக."

அவள் அடுப்பை அவன் பக்கம் தள்ளினாள். மூடி வெறுமையாக இருந்த இன்னொரு பெட்டியை எடுத்து முன்னால் வைத்தாள்.

"கீழக்கரை சுலைகாம்மா சாயங்காலம் வந்துருவாக. அவுக குடுத்த அசல் கல்ல, கண்ணாடி போதும்னு சொன்ன மில்லுக்காரம்மா பெட்டியில ஒட்டிக் குடுத்துட்டு வந்தீகளே... இந்தத் தடவையாச்சும் பெட்டியப் பாத்து ஒட்டுங்க!"