காலை அசைங்கம்மா

"பெரியநாயகியம்மா, காலை அசைங்க."

டாக்டர் மறுபடியும் சொன்னார்.

பெரியநாயகி அவரையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். போர்வைக்கு வெளியே நீண்டிருந்த கால்கள் அசையவில்லை.

நெய்வேலி டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில், அந்தக் கட்டிலின் தலைமாட்டில் அவள் கணவன் சிங்காரவேல் நின்றான். தன்னைப் பார்க்கும்போது யாரென்று நினைக்கிறாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. பட்டணத்தில் ஆபரேஷன் முடிந்து இங்கே கொண்டுவந்ததிலிருந்து அவள் பேசவில்லை. கஞ்சி ஊட்டினால் விழுங்கினாள். அவ்வளவுதான்.

இதயத்திலிருந்து மேலே போய் வளைகிற பெரிய ரத்தக்குழாய் அவளுக்குப் பழைய சைக்கிள் டியூப் மாதிரி புடைத்திருந்தது. புடைத்த இடத்தை வெட்டியெடுத்து வேறு குழாய் வைத்துத் தைத்தார்கள். தைத்து முடிகிறவரை மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் சரியாக ரத்தம் போகாது. அந்த நேரத்தில் அவை கெட்டுப்போகாமல் இருக்கத்தான் உடம்பைப் பனிக்கட்டி வைத்துக் குளிரவைத்தோம் என்று பட்டணத்து டாக்டர் சொன்னார். காப்பாற்றிவிட்டோமா என்பதை இப்போது சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

எது போயிற்று என்பதுதான் யாருக்கும் விளங்கவில்லை.

சொல்வது மூளைக்கு எட்டவில்லையா? எட்டியும், அது சொல்வது காலுக்குப் போய்ச் சேரவில்லையா?

சற்று முன் இந்த டாக்டர் உள்ளங்காலில் ஊசியால் குத்தியபோது கால் வெடுக்கென்று துடித்தது. சிங்காரவேல் சிரித்தேவிட்டான். அது மூளையைக் கேட்காமல் தண்டுவடம் தானாகச் செய்வது, அதை நம்பக்கூடாது என்றார் டாக்டர்.

பிறகு எதைத்தான் நம்புவது?

"உங்க பேர் என்னம்மா?"

பதில் வராததைக் குறித்துக்கொண்டு டாக்டர் நகரப் போனார்.

அப்போதுதான் வார்டு வாசலில் சிங்காரவேலின் அண்ணன் சடையப்பன் வந்து நின்றார். மைன்ஸில் ஷிப்ட் முடிந்து, சட்டையெல்லாம் நிலக்கரித் தூசியோடு அப்படியே வந்திருந்தார்.

பெரியநாயகியின் கண்கள் அந்தப் பக்கம் போயின.

இரண்டு கால்களும் சரேலென்று மடங்கிப் போர்வைக்குள் போயின. ஒரு கை தடுமாறித் தடுமாறி, தோளில் இல்லாத முந்தானையைத் தேடியது.



டாக்டர் கட்டிலைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார்.

"யார் இவர்?"

"எங்க அண்ணனுங்க. இதுக்கு மூத்தாரு." சிங்காரவேல் அவளுடைய மடங்கிய கால்களைக் காட்டினான். "அவரு எதிர்ல இது காலு நீட்டிகினு இருக்காதுங்க."

சடையப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. வரக்கூடாத நேரத்தில் வந்துவிட்டோம் போலிருக்கிறது என்று கூசிப்போய்ப் பின்னால் நகர்ந்தார்.

டாக்டர் குனிந்து, மடங்கிய கால்களைத் தன் கையாலேயே மெல்ல நீட்டி வைத்தார்.

"ஐயா, அப்படியே வெளிய போய்ட்டு, இன்னொரு தடவ உள்ள வாங்க."